ஒரே ஆள், இரண்டு அறைகள்

வடசென்னையின் ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் நெட்டுக்குப்பம் வரை நீளும் கரையில் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வந்தமர்ந்த தொழிற்சாலைகளுக்குள் ஒரே விதமான அறைப் பிரிவினை இருந்தது. 1948-இல் தொடங்கி எண்ணூரில் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் வந்தது. எந்தத் தொழிற்சாலையானாலும் கணக்குப் போடும் இன்ஜினியர் ஓர் அறையில் இருப்பார், டிராஃப்ட்ஸ்மேன் டிராயிங் ஆபீஸில் இருப்பார், உலோகத்தை அறுத்துக் கடைபவர் ஷெட்டில் இருப்பார். இன்ஜினியர் பென்சிலில் கிறுக்கித் தந்ததை டிராஃப்ட்ஸ்மேன் அளவும் கோணமுமாகத் தாளில் இறக்க, அந்தத் தாள் ப்ளூபிரின்ட்டாகி ஷெட்டுக்குப் போகும். ஐடிஐ-களில் டிராஃப்ட்ஸ்மேன் ஒரு தனி ‘டிரேட்’. அதைப் படித்தவருக்கு இந்தக் கரையில் வேலை இருந்தது. நடுவிலிருந்த அந்த அறை இப்போது பெரும்பாலான தொழில்களில் இல்லை. வரைகிற வேலை கணினிக்குப் போய், வரைகிறவரும் யோசிக்கிறவரும் ஒருவரே ஆகிவிட்டார்கள். ஆனால் அறை போன பிறகும் அதன் சுவர் போகவில்லை. மென்பொருளுக்குள் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. சர்க்யூட் போர்டு வரையும் தொழிலில் அந்தச் சுவர் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. போர்டு லேஅவுட் மென்பொருளைத் தொடுகிற மாணவர்களில் பலர் முதல் வாரத்திலேயே சோர்ந்து, தங்களுக்கு மூளை போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்கள் முட்டிக்கொண்டது மின்னணுவியலின் கடினத்தில் அல்ல, ஒரு பழைய அலுவலகத்தின் சுவரில். இதைத் தொழிலின் வரலாற்றிலிருந்தே காட்ட முடியும்.

வால்வு ரேடியோவின் அடிப்புறத்தைத் திருப்பினால் முனைக்கு முனை கையால் இழுத்துப் பற்றவைத்த கம்பிகள் தெரியும். கம்பிக்கு உறை இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று தாராளமாக ஏறிப் போகலாம். எந்தப் பாகம் எதனோடு சேரவேண்டும் என்ற சுற்றுப்படம் இருந்தால் போதும். கம்பி எந்த வழியில் ஓடுகிறது என்பதைப் பற்றவைக்கும் தொழிலாளியின் கை தீர்மானித்துக்கொள்ளும். வியன்னாவில் பிறந்து லண்டனில் அடைக்கலம் புகுந்த பால் ஐஸ்லர் 1930-களின் நடுவில் அச்சிட்ட சுற்றை வைத்து ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். உலகப் போருக்குப் பின் 1949-இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவைச் சேர்ந்த மோ ஆப்ராம்சனும் ஸ்டானிஸ்லாஸ் டான்கோவும் செப்புத் தகட்டை அரித்துப் பாதை அமைத்து, பாகங்களின் கால்களைத் துளையில் செருகி, ஈயத்தில் ஒரே முக்காக முக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கம்பி இழுக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. ஆனால் அந்தக் கைகள் தீர்மானித்துவந்த வழியை இனி யாராவது முன்கூட்டியே வரைந்தாக வேண்டும். செப்புப் பாதைகள் ஒரே தளத்தில் ஒன்றையொன்று கடக்க முடியாது. போதாததற்கு, லாரி அச்சின் வரைபடம் அச்சைப் பற்றிய குறிப்பு மட்டுமே. போர்டின் வரைபடமோ படம் பிடிக்கப்பட்டு நேராகச் செம்பின் மேல் விழுகிறது. வரைபவரின் கோடு கால் மில்லிமீட்டர் பிசகினால் அந்தப் பிசகு அப்படியே பொருளாகிவிடும். இப்படித்தான் லேஅவுட் வரைபவர் என்ற புதிய தொழிலாளி உருவானார்.

அவருடைய மேசையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இன்றைய மென்பொருள் எதை வைத்துக்கொண்டது, எதைத் தொலைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அடியிலிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசை, அதன் மேல் பத்தில் ஓர் அங்குலக் கட்டம் போட்ட தாள், அதற்கு மேல் மைலார் என்ற பாலியெஸ்டர் ஃபிலிம். 1964-இல் ஃபேர்சைல்ட் கொண்டுவந்த இரட்டை வரிசைக் கால் ஐசி-யில் கால்களின் இடைவெளி சரியாகப் பத்தில் ஓர் அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர்; கட்டத்தின் அளவை அது நிலைநிறுத்தியது. படத்தை உண்மை அளவில் வரையமாட்டார்கள். இரண்டு மடங்கிலோ நான்கு மடங்கிலோ வரைந்து, பிராசஸ் கேமராவில் சிறிதாக்குவார்கள். கை செய்த பிசகும் அதே விகிதத்தில் சிறுத்துவிடும். முதலில் ஒவ்வொரு பாகத்தின் வடிவத்தையும் அட்டையில் அளவாக வெட்டி, கட்டத்தின் மேல் நகர்த்தி, திருப்பி, எங்கே வைத்தால் பாதைகள் குறைவாகக் குறுக்கிடும் என்று தேடுவார். இடம் அமைந்த பிறகு பாகங்களின் கால்கள் சேரும் இடங்களில் வட்டமான பேட் ஸ்டிக்கர்களை ஒட்டி, வளைத்தால் வளைகிற கறுப்புக் கிரேப் டேப்பை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்து, கூர்கத்தியால் நறுக்குவார். இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டானால் ஒரே ஃபிலிமில் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு டேப், மறுபக்கத்துக்கு நீல டேப் ஒட்டுவதும் உண்டு; கேமராவில் வண்ண ஃபில்டர் போட்டு இரண்டையும் தனித்தனி ஃபிலிமாகப் பிரித்துவிடுவார்கள். கடைசியில் சரிபார்ப்பு. சுற்றுப்படத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒருவர் இணைப்புகளை வாசிக்க, இன்னொருவர் ஃபிலிமில் தேடிச் சொல்ல, சரியாயிருந்த ஒவ்வொரு கோட்டையும் மஞ்சள் பென்சிலால் தீட்டுவார்கள். மஞ்சள் படாத கோடு விடுபட்ட இணைப்பு.

இந்தியாவில் இந்தக் கைத்தொழிலுக்கு ஒரு பாடநூலே உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு 1974-இல் அமைந்த மின்னணு வடிவமைப்பு மையம் சி.இ.டி.டி. அதன் நூல்வரிசையில் வால்டர் போஸ்ஹார்ட் எழுதிய அச்சுச் சுற்றுப் பலகைகள் பற்றிய நூலை 1983-இல் டாடா மெக்ரா-ஹில் வெளியிட்டது. லேஅவுட்டைத் திட்டமிடுவது, ஆர்ட்வொர்க் தயாரிப்பது, ஃபிலிம், எட்சிங் என்று வேலையின் வரிசையிலேயே பாடம் சொல்லும் அந்த நூல் இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியாக இருந்தது. அந்த வரிசையில் படித்தவருக்கு ஒவ்வொரு செயலும் ஏன் செய்யப்படுகிறது என்பது அந்தச் செயலிலேயே விளங்கிவிடும்.

மேசைக்கும் கணினிக்கும் நடுவில் ஓர் இயந்திரம் வந்தது. அதைச் செய்த எச். ஜோசப் கெர்பரும் வியன்னாவில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பியவர்தான். இந்தத் தொழிலின் இரண்டு திருப்பங்களுக்கும் காரணமானவர்கள் ஒரே ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் என்பதை நினைக்காமல் கடக்க முடியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1948-இல் அவர் தொடங்கிய நிறுவனம் 1960-களில் ஒளியால் வரையும் ஃபோட்டோபிளாட்டரை உருவாக்கியது. இருட்டறையில் ஃபிலிம் விரிந்திருக்க, அதன் மேல் விளக்குத் தலை ஒன்று நகரும். தலையில் ஒரு சக்கரம். சக்கரத்தில் வெவ்வேறு அளவிலும் வடிவிலும் ‘அப்பர்ச்சர்’ என்ற துளைகள். அதற்குத் தரும் கட்டளைகளில் டி-01 என்றால் விளக்கை எரியவிட்டு நகர். டி-02 என்றால் அணைத்துவிட்டு நகர். டி-03 என்றால் நின்ற இடத்தில் ஒரு முறை மின்னு. பத்திலிருந்து மேலே உள்ள எண்கள் எந்தத் துளை என்று சொல்லும். 1980-இல் இந்தக் கட்டளை முறை ஆர்எஸ்-274-டி என்ற தரமாயிற்று. அந்தத் தரத்தில் எழுதிய கோப்புக்குள் துளைகளின் அளவு இருக்காது. அதற்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதி அனுப்பவேண்டும், ஆலையில் இருப்பவர் அதைப் படித்துச் சக்கரத்தை அமைக்கவேண்டும். பட்டியல் மாறிப்போனால் போர்டுகள் மொத்தமும் குப்பை. துளை அளவுகளைக் கோப்புக்குள்ளேயே வைக்கும் திருத்திய வடிவம் 1990-களில்தான் வந்தது. அந்தப் பழைய தரம் இனிச் செல்லாது என்று, இப்போது அதைப் பராமரிக்கும் பெல்ஜிய நிறுவனம் யூகாம்கோ அறிவித்தது 2014-இல்.

இன்று எந்த ஆலையிலும் அந்தச் சக்கரம் இல்லை. லேசர் கதிர் நேராக வரைகிறது. ஆனாலும் போர்டு செய்து தரச் சொல்பவர் கெர்பர் கோப்புகளைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கோப்பு. துளையிடுவதற்கு மட்டும் எக்செலான் என்ற துளைக்கருவி நிறுவனத்தின் பெயரால் வழங்கும் இன்னொரு வடிவம். ஏற்றுமதிப் பெட்டியைத் திறந்தால், எண்ணின் முன்பூஜ்யத்தை நீக்கவா பின்பூஜ்யத்தை நீக்கவா என்று மென்பொருள் கேட்கிறது. ஓட்டைபோட்ட காகித நாடாவில் இடம் மிச்சப்படுத்திய காலத்தின் கேள்வி அது. நாடாவை வாழ்நாளில் பார்த்திராத மாணவர் குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். துளைகள் பேட்களின் மேல் உட்காராமல் எங்கோ விழுகின்றன. அவருக்குத் தன் மேல் சந்தேகம் வருகிறது. மேசையில் டேப் ஒட்டியவர் இந்தத் தவறைச் செய்யவே முடியாது, ஏனென்றால் துளையின் இடமும் பேட்டின் இடமும் அவருக்கு ஒன்றேதான்.

மேசைக் கணினிக்கான லேஅவுட் மென்பொருள்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிறந்தன. ஓர்கேட் 1985-இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் தொடங்கியது. சுற்றுப்படம் வரைவதுதான் அதன் முதல் வேலை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நிக் மார்ட்டின் தொடங்கிய புரோட்டெல், இன்றைய ஆல்டியம், போர்டு வரைவதிலிருந்து தொடங்கியது. ஜெர்மனியின் கேட்சாஃப்ட் 1988-இல் ஈகிளை வெளியிட்டது. பிரான்ஸின் கிரனோபிளில் ஆசிரியராக இருந்த ழான்-பியேர் ஷராஸ் 1992-இல் கீகேடை எழுதத் தொடங்கினார். முதல் இரண்டின் தொடக்கத்திலேயே சுவர் தெரிகிறது. ஒன்று இன்ஜினியரின் அறைக்கான கருவி, மற்றொன்று டிராஃப்ட்ஸ்மேனின் அறைக்கான கருவி. அறைகளுக்கு இடையே முன்பு காகிதத்தில் போய்வந்த தகவல் இப்போது நெட்லிஸ்ட் என்ற கோப்பாகப் போனது: இந்த ஐசி-யின் மூன்றாம் கால், அந்த ரெசிஸ்டரின் முதல் கால், இப்படியே ஒரு நீண்ட பட்டியல். இரண்டு அறையிலும் இரண்டு ஆட்கள் இருந்தவரை அது நியாயமான ஏற்பாடு. பட்டியலைக் கையில் கொடுக்கும் கணத்தில்தான் பொறுப்பும் கைமாறுகிறது. யாருடைய தவறு என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கணினி மலிந்து, கல்லூரி லேபுக்கும் வீட்டுக்கும் வந்தபோது இரண்டு ஆட்களும் ஒருவரானார்கள். ஏற்பாடு மாறவில்லை. கீகேடின் நான்காம் பதிப்பு (2015) வரை ஒரு சிறிய போர்டு செய்யக்கூட மாணவர் நடந்த வழி இது: ஈஸ்கீமா என்ற நிரலில் சுற்றுப்படம் வரைய வேண்டும், சிவிபிசிபி என்ற இன்னொரு நிரலில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் ஃபுட்பிரின்ட்டை, அதாவது போர்டில் அது பிடிக்கும் இடத்தின் வடிவத்தை, கைப்பட இணைக்க வேண்டும், நெட்லிஸ்ட் கோப்பை உருவாக்கிச் சேமிக்க வேண்டும், பிசிபிநியூ என்ற மூன்றாவது நிரலைத் திறந்து அதே கோப்பைத் தேடி வாசிக்க வைக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டரை மாற்ற நினைத்தால் மறுபடி முதலிலிருந்து. தன் அறையிலிருந்து எழுந்து, தனக்கே ஒரு கடிதம் எழுதி, பக்கத்து அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைத் தானே பிரித்துப் படிப்பதுபோல. ஈகிள் இந்த இரண்டையும் பிணைத்து வைத்திருந்தது உண்மைதான். சுற்றுப்படத்தில் செய்த மாற்றம் போர்டிலும் உடனே நடக்கும். ஆனால் இரண்டு சாளரங்களும் திறந்திருக்கும்வரைதான் அந்தப் பிணைப்பு. ஒன்றை மூடிவிட்டு மற்றதில் வேலை செய்தால் பிணைப்பு அறுந்தது என்று ஓர் எச்சரிக்கை வரும். அதன் பொருள் புரியாமல் தொடர்ந்தவர், அறுந்ததைக் கையால் ஒட்டவைக்க மாலை முழுவதும் உட்கார வேண்டியிருந்தது.

மேசையில் இல்லாத இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. அட்டை வடிவத்தைத் தொட்டால் அது நகரும், தொடுவதே கட்டளை. ஈகிளில் முதலில் ‘மூவ்’ என்ற கருவியை எடுத்து, பிறகு பொருளைத் தொட வேண்டும். பல பொருள்களை நகர்த்தவேண்டுமானால் முதலில் ‘குரூப்’, பிறகு ‘மூவ்’, பிறகு வலது பொத்தான். எடுத்த கருவி கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மறந்து இன்னொன்றைத் தொட்டால் அது நகர்ந்துவிடும். கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டிய இந்த முறைக்கு எதிராக ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் 1970-களிலேயே போராடி, எழுத்துத் தொகுப்பு மென்பொருளில் அதை ஒழித்துக் காட்டினார். முதலில் பொருளைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்வதென்று சொல் என்ற அவர் முறைதான் இன்று எல்லாக் கணினியிலும் எழுத்தை வெட்டி ஒட்டும் முறை. லேஅவுட் மென்பொருளுக்கு அது வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கீகேடின் சுற்றுப்படப் பகுதி முழுமையாக அந்த முறைக்கு மாறியது ஆறாம் பதிப்பில், 2021-இன் கடைசியில். அதற்கு முன் கீகேட் நான்கில் ஒரே போர்டை வரைய இரண்டு வகைத் திரைகள் இருந்தன. எஃப்9 அழுத்தினால் பழையது, எஃப்11 அழுத்தினால் புதியது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் தன் ஆட்களைக் கொண்டு எழுதிக் கொடுத்த, மற்ற பாதைகளைத் தள்ளிவிட்டு வழி உண்டாக்கும் அருமையான கருவி புதிய திரையில் மட்டும் வேலை செய்தது. வேறு சில வேலைகளுக்குப் பழைய திரைக்குத் திரும்ப வேண்டும். எது எந்தத் திரையில் என்று தெரியாதவர் இல்லாத கருவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: போர்டு வரைவதே கடினமான காரியம்; வெப்பம், இரைச்சல், மின்னோட்டத்துக்குத் தக்க பாதை அகலம், வேகமான சிக்னலுக்குத் தேவையான நீளம் என்று எத்தனையோ கட்டுப்பாடுகள்; கருவி எளிதாயிருக்க வேண்டும் என்பது விஷயம் தெரியாதவரின் ஆசை. முதல் பாதி முழுக்க உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றாவது நெட்லிஸ்ட் கோப்பைக் கையால் சேமிக்கச் சொல்கிறதா? 2018-இல் வந்த கீகேட் ஐந்தில், சுற்றுப்படத்திலிருந்து போர்டை நேராகப் புதுப்பிக்கும் ஒரே கட்டளை வந்தது. அந்த ஆண்டில் ஓமின் விதி மாறவில்லை, செம்பின் மின்தடை குறையவில்லை. சுவரில் ஒரு கதவு மட்டும் வெட்டப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடத்தின் கடினம் என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி ஒரே பொத்தானில் காணாமல் போயிற்றென்றால், அது பாடத்தின் கடினமாக இருந்ததே இல்லை. வேலைக்கே உரிய கடினம் வேறு, கருவி கொண்டுவரும் கடினம் வேறு. முன்னதில் உழைக்க உழைக்கத் தொழில் படிகிறது. பின்னதில் எவ்வளவு உழைத்தாலும், அடுத்த பதிப்பு வரும்போது அந்த உழைப்பு செல்லாக்காசாகிவிடுகிறது.

நாங்கள் எல்லாரும் இப்படித்தான் கற்றோம், கை பழகிவிட்டால் இதைவிட வேகமானது வேறில்லை என்பது அனுபவசாலிகளின் மறுப்பு. அவர்கள் பொய் சொல்லவில்லை. விசைப்பலகைச் சுருக்கங்கள் கையில் படிந்த ஒருவர் ஈகிளில் வேலை செய்யும் வேகம் வியக்கத்தக்கதுதான், அதைப் பிடுங்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் அந்தக் கை எப்படிப் பழகியது என்று கேட்கவேண்டும். டேப் ஒட்டியவருக்குப் பக்கத்தில் இன்னொரு டேப் ஒட்டுபவர் இருந்தார். டிராயிங் ஆபீஸில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மஞ்சள் பென்சிலோடு சரிபார்க்க இரண்டாவது ஆள் இருந்தார். தொடக்க கால மென்பொருள் அந்த அறைக்குள்தான் இறங்கியது. அடுக்கு, பேட், அப்பர்ச்சர் என்ற சொற்களெல்லாம் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. அதனால்தான் விளக்கம் சொல்லாமலே மென்பொருள் ஓடியது. பெரும்பாலான மென்பொருள்களில் மேல் செம்பு சிவப்பாகவும் கீழ்ச்செம்பு நீலமாகவும் இருப்பதைப் பார்த்தால் ஃபிலிமில் ஒட்டிய டேப்பின் நிறங்களே நினைவுக்கு வரும். இன்று அதே மென்பொருளைத் தரவிறக்குபவருக்கு அந்த அறையும் இல்லை, மூத்தவரும் இல்லை. கருவி எதிர்பார்க்கும் முன்னறிவை ஊட்டிவந்த தொழில் மறைந்துவிட்ட பிறகு, முன்னறிவு இல்லையே என்று மாணவரைக் குறை கூறுவது எப்படிச் சரியாகும்?

இன்னும் சிலர், வரைவதையே கணினி எடுத்துக்கொள்ளும்போது இந்த விவாதம் எதற்கு என்பார்கள். அந்த நம்பிக்கைக்கும் வயதாகிவிட்டது. பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ, இரண்டு புள்ளிகளுக்கு இடையே தடைகளைச் சுற்றிப் பாதை தேடும் கணிதமுறையை 1961-இலேயே வெளியிட்டார். பாதை இருந்தால் அது நிச்சயம் கண்டுபிடித்துவிடும். எது நல்ல பாதை என்பது அதற்குத் தெரியாது. எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எந்த வழி கடல்காற்றுக்கு முகம் காட்டக் கூடாது என்பவை சுற்றுப்படத்தில் எழுதப்படாத சங்கதிகள். அவற்றை அறிந்த மனிதர் தன் எண்ணத்தைக் கருவியிடம் தடையில்லாமல் சொல்ல முடியவேண்டும். தானியங்கி வந்தாலும் கேள்வி அங்கேயே வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயமில்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. 2014-இல் அது மூடப்பட்டாலும் அந்தப் பாதையில் பல ஆலைகள் வந்துவிட்டன. 2023-24 நிதியாண்டில் மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 956 கோடி டாலர். இந்திய மாநிலங்களில் முதலிடம். ஏற்றுமதியாகும் பெட்டிகளுக்குள் இருக்கும் போர்டுகளில் பாகங்களைப் பூட்டுவது நம் பெண்களும் ஆண்களும். அவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கிறார்கள். எண்ணூரில் கார் பூட்டிய காலத்தில் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிற்பாடு இங்கேயே வரையும் ஆட்கள் உருவானார்கள். போர்டுக்கு அப்படி ஒரு படை உருவாக ஆலையும் இயந்திரமும் வேண்டாம், ஒரு மடிக்கணினி போதும். அந்த மடிக்கணினியில் ஓடும் கருவி எவ்வளவு பேரை முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்புகிறது என்பது அதனால்தான் கவலைக்குரியது.

நெட்டுக்குப்பத்தின் கரையிலிருந்தே ஒரு தேவையைக் காட்டலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர் ஊர்களின் படகையும் வலையையும் நாசமாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் வீடுகளை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியாவை உணர்ந்து கூவும் கருவியின் உள்ளே இருப்பது ஒரு சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சைரனை இயக்கும் ஒரு டிரான்சிஸ்டர், பேட்டரிக்கான சில பாகங்கள். இரண்டு அடுக்குப் போர்டில், ஈகிளின் இலவசப் பதிப்பு அனுமதித்த 100-க்கு 80 மில்லிமீட்டர் பரப்புக்குள் அது அடங்கிவிடும். ஆலையின் பொறுப்பை இது குறைக்காது. உயிரைக் காக்கும் கருவிக்கு அளவுத்திருத்தமும் சான்றும் வேண்டும், அது தனி வேலை. ஆனால் உப்புக்காற்றில் செம்பு எவ்வளவு வேகமாகப் பச்சை பிடிக்கும், கனெக்டரின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பாதைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட்டால் ஈரம் பாலம் போடாது என்பவற்றை இந்தக் கரையில் வாழ்கிறவர் கடல் தெரியாத ஊரிலிருந்து வரைபவரைவிட நன்றாக அறிவார். ரிச்சி தெருவில் பாகங்கள் கிடைக்கின்றன. பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் குப்பங்களில் இருக்கிறார்கள். இந்த அறிவு போர்டாக மாறும் வழியில் முன்பூஜ்யமும் பின்பூஜ்யமும் வந்து நிற்கக் கூடாது.

நம் நாட்டில் இதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. ஐஐடி பம்பாயின் ஃபாசி திட்டம், கீகேடையும் என்ஜிஸ்பைஸ் என்ற சுற்றுச் சோதனை நிரலையும் சேர்த்து ‘ஈசிம்’ என்ற இலவசக் கருவியைத் தந்திருக்கிறது. அதே கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கேட்கக் கிடைக்கின்றன. உரிமக் கட்டணம் என்ற பெரிய தடையை இது அகற்றியது. அதற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் வரைந்த சுற்றைச் சோதிக்க, நெட்லிஸ்ட் எடுத்து, அதைக் கீகேட் வடிவிலிருந்து என்ஜிஸ்பைஸ் வடிவுக்கு மாற்றும் ஒரு பொத்தானைத் தனியாக அழுத்தும் படி அதிலும் இருந்தது. இலவசமாக்குவதோடு வேலை முடிவதில்லை, கட்டியவர்களின் அறைப் பிரிவினை கருவியோடு கூடவே வந்துவிடுகிறது. கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லேபின் முதல் இரண்டு வகுப்புகளில் கணினியைத் திறக்காமல், கட்டத்தாளும் அட்டை வெட்டுகளும் கொடுத்து, ஒரு பக்கச் செம்புள்ள சிறிய போர்டைக் கையால் வரைய வைக்கலாம். மஞ்சள் பென்சிலோடு இரண்டு பேராகச் சரிபார்க்க வைக்கலாம். அதன் பிறகு மென்பொருளின் அடுக்கும் பேட்டும் துளைக் கோப்பும் எங்கிருந்து வந்தன என்பது அவர்களுக்குத் தானே தெரியும். எது வேலையின் கடினம், எது கருவியின் பிடிவாதம் என்று பிரித்தறியவும் முடியும். அப்படிப் பிரித்தறிபவர்தான் கருவியைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் தைரியம் பெறுவார்.

கல்லூரிகள் செய்யவேண்டியதில் ஒரு பகுதி அவசரமானது. 2016-இல் ஈகிளை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிடுவதாக 2023-இல் அறிவித்தது. ஈகிளிலேயே பாடம் நடத்திப் பழகிய லேப்களில் ஆண்டுக்கணக்கான மாணவர் வேலை அந்த வடிவத்தில் கிடக்கிறது. ஈகிளின் ஆறாம் பதிப்பு தன் கோப்புகளை எவரும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றியது. அதனால்தான் கீகேட் ஐந்தாம் பதிப்பிலிருந்து அவற்றை நேராகத் திறக்க முடிகிறது. அதற்கு முந்திய பதிப்புகளின் கோப்புகளை அப்படித் திறக்க முடியாது. அவற்றை ஆறாம் பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ ஒரு முறை திறந்து மறுபடி சேமிக்க வேண்டும், லேபில் ஏதாவது ஒரு கணினியில் ஈகிள் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே.